555 நோட்டும் கூகுளும்: நூலகத்து அக்கா பதில்கள்

இருபத்தாறு வருடம் ஒரு கல்லூரி நூலகத்தில் காலம் தள்ளிவிட்டு, இப்போது சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில் வீட்டு முன்வாசலில் உட்கார்ந்து உங்கள் கடிதங்களைப் பிரிக்கிறேன். இந்த மாதம் வந்ததில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகிறது: கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்குத் தகவலைத் தேடவும் தரம் பார்க்கவும் எப்படிக் கற்றுக்கொடுப்பது? சரி, இந்த இதழ் முழுக்க அதுவே இருக்கட்டும். புத்தகப் பட்டியல் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கல்லூரி விரிவுரையாளராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. முதல் செமஸ்டர் மாணவர்களுக்கு ‘லிட்டெராசி மக்லுமாட்’ (தகவலைத் தேடவும் எடைபோடவும் தெரிவது) என்று இரண்டு மணி நேர வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். போன செமஸ்டரில் நூலகத்தைச் சுற்றிக் காட்டினோம், எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த வாரமே கூகுளில் முதலில் வந்ததை அப்படியே கொண்டுவந்து வைத்தார்கள். எங்கே தொடங்குவது? (வாசகி, கோலசிலாங்கூர்)

தங்கச்சி, நான் செய்த தப்பைத்தான் உங்களையும் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் நானும் இந்த வகுப்பை எடுத்தேன். அறுபத்துச் சொச்சம் ஸ்லைடு. ஜார்ஜ் பூல் என்ற கணித மேதை 1854இல் எழுதிவைத்த தர்க்கத்தில் ஆரம்பித்து, தேடும் சொற்களை இணைக்கும் ‘ஆண்ட்’, ‘ஆர்’, ‘நாட்’ என்று வட்டத்தின்மேல் வட்டம் போட்டு வண்ணம் தீட்டி வைத்திருந்தேன். முடித்துவிட்டு “கேள்வி இருக்கா?” என்றேன். பின்வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்கினான். “அக்கா, பஸ் எத்தனை மணிக்கு?”

கோபம்தான் வந்தது. ராத்திரி யோசித்துப் பார்த்தபோது, அந்த அறையிலேயே கேள்வி என்று ஒன்றை வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான் என்று புரிந்தது.

இந்த லிட்டெராசி மக்லுமாட்டைத் தமிழில் தகவல் எழுத்தறிவு என்கிறார்கள், தகவல் அறிதிறன் என்கிறார்கள். எனக்குத் ‘தேடத் தெரிவது’ என்பதே போதும். அமெரிக்காவில் பால் சுர்கோவ்ஸ்கி என்பவர் 1974இல் இந்தத் துறைக்கு ஆங்கிலப் பெயர் வைத்தார். 1989இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழு ஒன்று வரையறை கொடுத்தது: தகவல் எப்போது தேவை என்று உணர்வது, தேடி எடுப்பது, எடைபோடுவது, சரியாகப் பயன்படுத்துவது. நாம் எல்லோரும் இரண்டாவதிலிருந்து தொடங்குகிறோம். முதலாவதை யாரும் சீண்டுவதில்லை. பசி எடுக்காதவனை உட்காரவைத்து இலை போட்டால் அவன் என்ன செய்வான்? பஸ்ஸுக்கு மணி பார்ப்பான்.

அடுத்த செமஸ்டரில் ஸ்லைடுகளை மூட்டை கட்டிவிட்டு ஒரே ஒரு வேலை கொடுத்தேன். “நாம் இருக்கும் இந்த ஊரில் 1941இல் என்ன நடந்தது? ஒரே ஒரு செய்தி கண்டுபிடித்துக் காட்டுங்கள்.” கைப்பேசியை எடுக்கலாம், யாரை வேண்டுமானாலும் கேட்கலாம்.

ஈஜோக் பக்கத்துப் பெண் ஒருத்தி ‘பெஸ்தாரி ஜெயா 1941’ என்று தட்டினாள். விற்பனைக்கு வீடு, சாப்பாட்டுக் கடை, பல்கலைக்கழக வளாகம், இப்படியே வந்துகொண்டிருந்தது. சொல்லை மாற்றி மாற்றித் தட்டினாள். இருபது நிமிடம் கழித்து என் மேசைக்கு வந்து மெல்லக் கேட்டாள்: “அக்கா, 1941ல இந்த ஊரே இல்லியா?”

இதற்காகத்தான் காத்திருந்தேன். வயதானவர்களுக்குத் தெரியும், 2007 வரைக்கும் இந்த ஊர் பத்தாங் பெர்ஜுந்தை. ‘பெர்ஜுந்தை’ என்றால் மலாயில் தொங்குவது. பெயரில் விரசம் தொனிக்கிறது என்று மாற்றிவிட்டார்கள். (இதை வகுப்பில் சொன்னதும் பையன்கள் ஐந்து நிமிடம் சிரித்தார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்கப்புறம் அவர்களுக்கு அந்த ஊர்ப் பெயர் மறக்கவில்லை.) பழைய பெயரைப் போட்டதும் செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. அதுவும் எங்கே? சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் வைத்திருக்கும் பழைய நாளேடுகளின் இணையக் காப்பகத்தில், நியூஸ்பேப்பர்எஸ்ஜியில்.

“நம்ம ஊருச் செய்தி எதுக்கு அக்கா சிங்கப்பூர்ல கெடக்கு?” அடுத்த கேள்வி தானாக வந்தது. 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளேடு அங்கேதான் அச்சானது, மலாயாச் செய்திகளும் அதில் வந்தன. சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது 1965இல்தான். காகிதம் அதற்கு முன்பே அங்கே சேர்ந்துவிட்டது.

அப்புறம் இன்னொரு சிக்கல். பழைய பக்கங்களைக் கணினிதான் படித்து எழுத்தாக்கியிருக்கிறது. மை மங்கிய இடத்தில் தப்பாகப் படிக்கும். ‘பத்தாங்’ ஒரு வரிக் கடைசியிலும் ‘பெர்ஜுந்தை’ அடுத்த வரியிலும் உடைந்து கிடந்தால் கோட்டைவிடும். ‘பெர்ஜுந்தை’ என்று மட்டும் போட்டால் இன்னும் கொஞ்சம் கிடைக்கிறது என்று அந்தப் பெண்ணே கண்டுபிடித்தாள். அந்த நிமிடத்தில்தான் பூலை உள்ளே கூப்பிட்டேன். “பழைய பெயரோ புதுப் பெயரோ, எது இருந்தாலும் கொடு என்று ஒரே தேடலில் கேட்கலாம், பார்க்கிறியா?” முந்தின செமஸ்டரில் பதினைந்து ஸ்லைடில் ஏறாத ‘ஆர்’ அரை நிமிடத்தில் ஏறியது.

ஆகவே அந்த இரண்டு மணியைச் செமஸ்டர் முதல் வாரத்தில் எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்போது அவர்கள் தேடுவதெல்லாம் கேண்டீனும் கழிவறையும்தான். இடுபணித் (அசைன்மென்ட்) தலைப்பு கையில் கிடைத்த வாரம் ஒரு மணி, முதல் வரைவோடு வந்து முழிக்கும் வாரம் ஒரு மணி என்று பிரித்துக் கேளுங்கள். இரண்டு மணியும் நீங்கள் பேச வேண்டாம், அவர்கள் தேடட்டும். நூலகரையும் அறையிலேயே இருக்கச் சொல்லுங்கள். கல்லூரி ஒத்துக்கொள்ளாவிட்டால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து புலம்பலாம்.

கேள்வி: விக்கிப்பீடியாவைத் தொடவே கூடாது என்கிறார் எங்கள் விரிவுரையாளர். அவரே கைப்பேசியில் அதைப் பார்ப்பதை நான் பார்த்தேன். (மாணவர், பந்திங்)

பார்த்ததை வெளியில் சொல்லாதே தம்பி. உன் மதிப்பெண் அவர் கையில்.

விக்கிப்பீடியா வாசற்படி. ஏறிப் போகலாம், அங்கேயே பாய் போட்டுப் படுக்கக் கூடாது. பக்கத்தின் அடியில் போ. அங்கே இருக்கும் நூல், கட்டுரை, செய்தி இவற்றைத் திறந்து படித்துவிட்டு அவற்றைக் காட்டு. அடியில் ஒன்றுமே இல்லாத பக்கமாக இருந்தால் உடனே இறங்கி வந்துவிடு. இன்னொன்றும் செய்து பார்: ஒரே விஷயத்தின் மலாய்ப் பக்கம், ஆங்கிலப் பக்கம், தமிழ்ப் பக்கம் மூன்றையும் அருகருகே திற. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. மூன்றும் ஒன்றையே சொல்லும் என்று நினைக்காதே. ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. அந்த இடைவெளியிலேயே உனக்கு ஒரு நல்ல தலைப்பு கிடைக்கும்.

கேள்வி: என் மாணவர்கள் பெரும்பாலும் தோட்டத்திலிருந்து தாமான் வீடுகளுக்குக் குடிவந்த குடும்பத்துப் பிள்ளைகள். அச்சில் இருந்தால் நம்புகிறார்கள். பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ இருந்தால் வாயே திறப்பதில்லை. கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுப்பது நம் வளர்ப்புக்கு ஒத்துவராதோ என்றுகூட நினைக்கிறேன். (ஆசிரியர், பாகான் செராய்)

ஐயா, ‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்’ குறளை நம் பிள்ளைகள் எல்லா விழா மேடையிலும் கேட்டுவிட்டார்கள். கேட்டுக் கேட்டு அது காதில் ஏறுவதே இல்லை. நான் என் அப்பாவின் 555 நோட்டைச் சொல்கிறேன்.

அப்பா இந்த வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால் வெட்டினார். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு சரி. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, அப்புறம் வெட்டு, வெயில் ஏறியதும் பால் எடுத்துக் காண்டா வாளியில் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு. அங்கே கிராணி (தோட்டத்துக் கணக்கர்) எடை போடுவார். மெட்ரோலாக் என்ற கருவியைப் பாலில் மிதக்கவிட்டு அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார். செக்ரோல் என்ற பதிவேட்டில் எழுதுவார். சம்பளம் அந்த எழுத்தில் இருந்தது.

அப்பாவிடம் 555 என்று அட்டையில் போட்ட கையடக்கமான சின்னக் குறிப்பு நோட்டு இரண்டு இருந்தது. ஒன்று மளிகைக் கடைக் கடனுக்கு, அது எல்லா வீட்டிலும் இருந்ததுதான். இன்னொன்று பாலுக்கு. கிராணி சொன்ன எடை, மெட்ரோலாக் காட்டிய எண், அன்று மழையா இல்லையா. இந்த மூன்றுதான் அதில் இருக்கும்.

ஒரு மாதம் சம்பளம் குறைந்தது. அப்பா ஆபீசுக்குப் போனார், நானும் கூடப் போனேன். “ஐயா, உங்க கணக்குல பதினாலாந்தேதி பேரு போடல. என் கணக்குல இருக்கு. எது சரின்னு பாக்கலாங்களா?” என்றார். பொய் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. குரலும் ஏறவில்லை. கிராணி தாளைப் புரட்டினார், அந்த நாளைச் சேர்த்தார். மன்னிப்பு கின்னிப்பு எதுவும் கிடையாது. எந்தத் தோட்டம் என்பதெல்லாம் இப்போது வேண்டாம்.

எனக்கு இதைவிடப் பிடித்தது இன்னொரு தடவை நடந்தது. நோட்டில் 28 கிலோ, செக்ரோலில் 23. அப்பா கிளம்பத் தயாராகிவிட்டார். பக்கத்து நிரையில் வெட்டிய அத்தை குறுக்கே வந்து, “அன்னிக்குத்தான் பாதியிலயே மழை புடிச்சிக்கிச்சே அண்ணே, இருபத்தெட்டு எங்கேருந்து வரும்?” என்றார். அப்பா நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஈரக் கையால் எழுதிய 3, 8 மாதிரி ஊறிப் போயிருந்தது. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்துத் திருத்தினார். அன்று ஆபீசுக்குப் போகவில்லை.

அமெரிக்கக் கல்லூரி நூலகர் சங்கம் 2015இல் தகவல் எழுத்தறிவுக்கு ஒரு புதிய வழிகாட்டிச் சட்டகம் கொண்டுவந்தது. அதில் ஆறு பெரிய கருத்துகள். ஒன்று, ஒருவருடைய சொல்லுக்கு இருக்கும் மதிப்பு இடத்தையும் தேவையையும் பொறுத்து உருவாகிறது என்பது. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தராசு விஷயத்தில் கிராணி சொல்வது கணக்கு, மழை விஷயத்தில் அத்தை சொல்வது கணக்கு. அவ்வளவுதானே?

உங்கள் மாணவர்களிடம் வீட்டில் இப்படி ஒரு நோட்டு இருந்ததா என்று கேட்டு வரச் சொல்லுங்கள். நோட்டு இல்லாவிட்டாலும் கதை இருக்கும். நம் வளர்ப்புக்கு ஒத்துவராதது கேள்வி கேட்பது இல்லை ஐயா, மரியாதை இல்லாமல் கேட்பதுதான். “எது சரின்னு பாக்கலாங்களா?” என்று டாக்டரிடமும் கேட்கலாம்.

கேள்வி: மகன் டிப்ளோமா படிக்கிறான். சாட்ஜிபிடி கொடுத்த மேற்கோள் நூல்களை இடுபணியில் போட்டிருந்தான். ஆறில் நான்கு உலகத்திலேயே இல்லையாம். சுழியம் போட்டுவிட்டார்கள். வேண்டுமென்று செய்யவில்லை, நிஜம் என்று நம்பித்தான் போட்டிருக்கிறான். இது நியாயமா? (ஒரு தாய், கிள்ளான்)

உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் அம்மா, ஆனால் நியாயம்தான். திருத்தி எழுத இன்னொரு வாய்ப்பு கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி. 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்களே இதே மாதிரி, நடக்காத வழக்குகளின் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டி 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். படித்த வக்கீல்களே விழுந்த குழியில் உங்கள் மகன் விழுந்ததில் ஆச்சரியம் இல்லை.

அந்தக் கருவி நூலகத்துக்குள் போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்த்துச் சொல்வதில்லை. எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று கோத்துக்கொண்டே போகிறது. மேற்கோள் என்று கேட்டால் மேற்கோள் போலவே ஒன்றைக் கோத்துத் தரும். இப்போது இணையத்தில் தேடிப் பார்த்துச் சொல்லும் வகைகளும் வந்துவிட்டன, ஆனாலும் திறந்து பார்க்காமல் நம்புவதற்கில்லை.

ஓய்வு பெறும் சமயத்தில் ஒரு பையன் இப்படி ஒரு பட்டியலோடு வந்தான். பக்கத்தில் உட்காரவைத்து ஒன்றை மட்டும் எடுத்தோம். செம்பனைத் தோட்டத் தொழிலாளர் பற்றிய கட்டுரை என்று போட்டிருந்தது. சஞ்சிகை நிஜம். ஆண்டும் தொகுதி எண்ணும் ஒத்துப்போயின. சஞ்சிகையின் தளத்துக்குப் போய் அந்த இதழின் பொருளடக்கத்தைத் திறந்தோம். அந்தப் பக்க எண்ணில் இருந்தது பூச்சி மருந்து பற்றிய கட்டுரை. பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கட்டுரைகளுக்கு டிஓஐ என்று 10இல் தொடங்கும் ஒரு நிரந்தர எண் இருக்கும். அதை டிஓஐ தளத்தில் போட்டோம். அப்படி ஒரு எண்ணே இல்லை என்றது. மொத்தம் நான்கு நிமிடம். புத்தகமாக இருந்தால் ஐஎஸ்பிஎன் எண்ணைப் பாருங்கள். 2007இலிருந்து அது 13 இலக்கம். நம் நாட்டில் வெளியானதென்றால் 978க்கு அடுத்து 967, 983, 629 இவற்றில் ஒன்று வரும். அதற்கப்புறம் தேசிய நூலகப் பட்டியலில் தேடலாம்.

மகனிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: கையால் திறந்து பார்க்காத எதையும் பட்டியலில் சேர்க்காதே. கருவியைத் தலைப்பு யோசிக்கவும், தேடும் சொல்லைக் கேட்கவும் வைத்துக்கொள்ளட்டும். அதற்கு அது கெட்டிக்காரக் கருவி.

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா தினமும் ஏதாவது மருத்துவச் செய்தி போடுகிறார். கல்லூரியில் படிக்கும் என் மகள் “பொய்” என்று பதில் போட, தீபாவளிக்குப் பேச்சுவார்த்தையே இல்லை. கல்லூரியில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்களா? (வாசகர், சுங்கை பட்டாணி)

(வாட்ஸ்அப்பைப் புலனம் என்று எழுதச் சொல்லி ஆசிரியர் குழு என்னைத் திருத்தும். இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள்.)

மகள் சொன்னது சரியாகத்தான் இருக்கும், சொன்ன விதம்தான் தப்பு. “பெரியப்பா, இது எங்கேருந்து வந்துச்சு? எனக்கும் அனுப்புங்களேன்” என்று கேட்டிருந்தால் பெரியப்பாவே தேடப் போயிருப்பார். பாதிச் செய்தி அந்த இடத்திலேயே செத்துவிடும்.

கல்லூரியில் முன்பெல்லாம் சரிபார்ப்புப் பட்டியல் கொடுப்போம். எழுதியவர் யார், தேதி என்ன, எழுத்துப்பிழை உண்டா, இப்படி. நானும் கொடுத்தேன். பிள்ளைகள் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுவிட்டு வந்தார்கள், ஏனென்றால் ஏமாற்றுகிறவன் முதலில் சரிசெய்வது அந்தக் கட்டங்களைத்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 45 பேரைக் கணினி முன்னால் உட்காரவைத்துப் பார்த்து, 2017இல் அதை ஆய்வாக வெளியிட்டார்கள். 10 பேர் முனைவர் பட்டம் பெற்ற வரலாற்று அறிஞர்கள், 10 பேர் செய்தி சரிபார்ப்பவர்கள், 25 பேர் அதே பல்கலைக்கழக மாணவர்கள். அமெரிக்காவில் குழந்தை மருத்துவர்களுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு அமைப்புகள். ஒன்று 1930இலிருந்து இருக்கும் பெரிய சங்கம். இன்னொன்று அதிலிருந்து பிரிந்த சிறு குழு. இரண்டின் பக்கங்களையும் காட்டி எதை நம்பலாம் என்று கேட்டார்கள். மாணவர்கள் பக்கத்தை மேலும் கீழும் படித்து, அழகாக இருக்கிறது என்று ஏமாந்தார்கள். அறிஞர்களிலும் சிலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பவர்கள் அந்தப் பக்கத்தில் நிற்கவே இல்லை. உடனே வேறு ஜன்னல்கள் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள்.

பெண் பார்க்கப் போனால் நாம் செய்வதும் அதுதானே? அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பலகாரம் சாப்பிட்டா குடும்பத்தைத் தெரிந்துகொள்கிறோம்? வரும் வழியில் முக்குக் கடையில் விசாரிக்கிறோம்.

நம் நாட்டுச் செய்தி என்றால் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017இல் தொடங்கிய செபெனார்ஞா தளம் இருக்கிறது. மலாயில் இருக்கும். மகளை அதை மொழிபெயர்த்துப் பெரியப்பாவுக்குத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். குழுவில் வேண்டாம்.

கேள்வி: தோட்டத் தமிழர் வரலாற்றில் இளங்கலை ஆய்வேடு எழுதுகிறேன். தமிழில் தேடினால் எதுவும் கிடைக்கவில்லை. தலைப்பை மாற்றிவிடலாமா? (மாணவி, தஞ்சோங் மாலிம்)

மாற்றாதேம்மா. உன் சொல்லை மாற்று.

நாம் நம்மை அழைத்துக்கொள்ளும் சொல் வேறு, நம்மைப் பற்றி எழுதியவர்கள் போட்ட சொல் வேறு. தமிழில் தோட்டத் தொழிலாளர், தோட்டப் பாட்டாளி, சஞ்சிக்கூலி, பால்வெட்டுத் தொழிலாளர். மலாயில் ‘பெக்கெர்ஜா லாடாங்’, ‘புரோ எஸ்டேட்’. ஆங்கிலத்தில் இப்போது ‘பிளான்டேஷன் ஒர்க்கர்ஸ்’. போருக்கு முந்தின அரசுக் காகிதம் என்றால் ‘சவுத் இந்தியன் லேபர்’, ‘தமிழ் கூலி’. அதற்கும் பழையதில் ‘கிளிங்’ என்ற இழிசொல்கூட இருக்கும். தட்டும்போது விரல் கூசும், ஆனால் அந்தப் பெட்டிக்கு அதுதான் சாவி. வேலைநிறுத்தத்துக்கும் இதே கதைதான். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னின்று நடத்தியதை நாம் வேலைநிறுத்தம் என்போம். துரைமார் பக்கத்துக் காகிதத்தில் ‘தொந்தரவு’, ‘கலகம்’ என்ற பொருளில் வரும் ஆங்கிலச் சொற்களையும் போட்டுப் பார். 1938இல் இந்திய அரசு, பயணச் செலவுக்கு உதவி பெற்றுத் தொழிலாளர் மலாயாவுக்கு வருவதைத் தடை செய்ததையும் மனத்தில் வைத்துக்கொள். அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் காகிதங்கள் பேசும் விஷயமே மாறிவிடும்.

நூலகத் தட்டிலும் உன் விஷயம் ஒரே இடத்தில் இருக்காது. புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் வைத்துப் பிரிக்கும் டூயி வரிசைப்படி தொழிலாளர் என்றால் 331, மலேசிய வரலாறு என்றால் 959.5, தோட்டத்து நாவல் என்றால் தமிழ் இலக்கியத்தோடு 894.811. மூன்று இடத்திலும் நடந்து போய்ப் பார். காலுக்கும் நல்லது.

அப்புறம் நேரில் போக வேண்டிய இடங்கள். கோலாலம்பூரில் 1957இல் அமைந்த தேசிய ஆவணக் காப்பகம். 1956இல் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை. தேசிய நூலகம். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே வெளியிடும் நூல்களின் பிரதிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். நாளிதழ் என்றால் 1924இலிருந்து 2019 வரை வந்த தமிழ் நேசன், 1935இல் தொடங்கிய தமிழ் முரசு. முரசின் பழைய இதழ்களை நான் முதல் பதிலில் சொன்ன சிங்கப்பூர்க் காப்பகத்திலேயே பார்க்கலாம். ஊர்ப் பெயரை ஒரே எழுத்தில் தேடாதே. சிலாங்கூர், செலாங்கூர், சிலாங்கோர் எல்லாம் இருக்கும்.

யாரும் சொல்லாத ஒன்று: கோயில் கும்பாபிஷேக மலர், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர். பழைய கங்காணி பெயர், தோட்டம் கைமாறிய ஆண்டு, யார் எவ்வளவு வெள்ளி கொடுத்தார்கள், எல்லாம் அதில் இருக்கும். அதில் புகழ்ச்சியும் தூக்கலாக இருக்கும், பாதியைக் கழித்துவிட்டுப் படி. உன் பாட்டியிடம் பேசும்போது “அந்தக் காலம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்காதே, பெருமூச்சுதான் வரும். “பெரட்டு எத்தனை மணிக்கு? விளக்கு எது?” என்று கேள். ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு கேட்டால் அவர் விவரமாகச் சொல்வார். சொன்னதை இன்னொரு பாட்டியிடமும் கேட்டு ஒப்பிட்டுக்கொள்.

கேள்வி: இணையத்தைவிட அச்சுப் புத்தகம் நம்பகமானதுதானே? (வாசகர், ஈப்போ)

இல்லை. காசு கொடுத்தால் யாரும் அச்சடிக்கலாம், என்னிடமே இரண்டு இருக்கிறது. ஆனால் நல்ல நூலகத்தில் ஒரு புத்தகத்தை யாரோ ஒருவர் பார்த்துத்தான் வாங்கியிருப்பார். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. எங்களுக்குச் சம்பளமே அதற்குத்தான்.

கேள்வி: இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தாலும் மதிப்பெண் எப்படிப் போடுவது? சரியா தப்பா கேள்வித்தாள் வைத்தால் எல்லோரும் முழு மதிப்பெண் வாங்குகிறார்கள், இடுபணியில் பழையபடி. (விரிவுரையாளர், சிரம்பான்)

கேள்வித்தாளை விடுங்கள் சார். தேடல் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு எங்கே என்ன சொல்லைப் போட்டேன், என்ன வந்தது, ஏன் விட்டேன், அடுத்து என்ன. ஒரு பக்கம் போதும். இடுபணிக்குக் கொடுக்கும் நூறில் இருபதை இதற்கு ஒதுக்குங்கள். கண்டுபிடித்ததற்கு இல்லை, தேடிய விதத்துக்கு. காப்பியடிக்கலாம்தான். ஆனால் ஒருவனுடைய குழப்பத்தை இன்னொருவன் எழுதினால் படிக்கும்போதே தெரிந்துவிடும்.

கேரல் கூல்தாவ் என்ற அமெரிக்க நூலகவியல் பேராசிரியர் மாணவர்கள் தேடும்போது என்ன நினைக்கிறார்கள் என்பதோடு எப்படி உணர்கிறார்கள் என்பதையும் பல வருடம் ஆராய்ந்தார். ஆறு கட்டம் என்று பிரித்தார். தலைப்பு கிடைத்ததும் ஒரு தெம்பு வருகிறது. தேடத் தேட, தெளிவதற்குப் பதில் குழப்பமும் சந்தேகமும்தான் ஏறுகிறது. எதைச் சொல்லப்போகிறோம் என்று பிடி கிடைத்த பிறகே இறங்குகிறது. அந்த நடுக் குழப்பத்தில்தான் நம் பிள்ளைகள் “எனக்கு வரல” என்று மூடிவைத்துவிட்டு, முதலில் கிடைத்ததை ஒட்டுகிறார்கள். அது எல்லோருக்கும் வருவதுதான் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

என்னிடம் ஒரு பையனின் குறிப்பு இன்னும் இருக்கிறது, தர மனமில்லாமல் வைத்துக்கொண்டேன். பாட்டி வேலை செய்த தோட்டத்தைப் பற்றித் தேடியிருக்கிறான். அதிலிருந்து கொஞ்சம்:

“10.15. பாட்டி சொன்ன பேர் போட்டேன். ஒண்ணும் வரல. 10.40. மலாய்ல போட்டேன். வரல. நாசி லெமாக் சாப்பிட்டேன். 11.30. பழைய சர்வே வரைபடத்துல தேடினேன். அந்த எடத்துல இங்கிலீஷ்ல கம்பெனி பேர் இருக்கு, பாட்டி சொன்னது இல்ல. 12.05. பாட்டிக்குப் போன் போட்டேன். அது தொரை வச்ச பேருடா, நாங்க கூப்பிட்டது வேற, ஆத்தோரம் குட்டையா ஒரு கங்காணி இருந்தாரு, அவரை வச்சுக் கூப்பிட்டோம்னு சொன்னாங்க. 12.20. கம்பெனி பேர் போட்டேன். ஏழு செய்தி வந்துச்சு. அதுல அஞ்சு ரப்பர் விலை. 2.00. குட்டைக் கங்காணி பேர் பாட்டிக்கு ஞாபகம் இல்ல. கோயில் மலர்ல பாக்கணும்.”

இருபதுக்குப் பதினெட்டு போட்டேன். கங்காணியின் பெயரை அவன் கடைசி வரை கண்டுபிடிக்கவில்லை.